மேடையில் நிற்கும் மிக்-21-க்கு மறுவர்ணம்: முதல்முறை இறங்குபவர்களுக்கு

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 போர் விமானங்களுக்கு இந்திய விமானப்படை விடைகொடுத்தது. முதல் மிக்-21 படைப்பிரிவு உருவானதும் 1963-ல் அதே சண்டிகரில்தான். இடைப்பட்ட 62 ஆண்டுகளில் 870-க்கும் மேற்பட்ட மிக்-21-கள் நம் படையில் இருந்தன. அவற்றில் பெரும்பகுதி ஹெச்.ஏ.எல். (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) நாசிக்கில் கட்டியவை. ஓய்வு பெற்றவற்றில் ஒரு பங்கு இப்போது கல்லூரி வாசல்களிலும் பூங்காக்களிலும் நாற்சந்திகளிலும் நிற்கிறது. இன்னும் சில இனி வந்து நிற்கும்.

வந்து நிற்கும் முதல் வருடம் எல்லோரும் படம் எடுத்துக்கொள்வார்கள். ஐந்தாம் வருடம் காற்று உள்வாயில் மைனா கூடு கட்டியிருக்கும், இறக்கை மேல் பாசி படிந்திருக்கும், சக்கரம் காற்றிறங்கி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். ஆண்டு விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது "சும்மா ஒரு பெயின்ட் அடிச்சு விடுங்க" என்று யாரோ சொல்வார். அந்த வேலை யார் தலையில் விழுகிறதோ அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். இரண்டு வாரத்தில் முடிகிற வேலை இல்லை இது. வார இறுதிகளில் மட்டும் வேலை செய்யும் பத்துப் பேர் குழுவுக்கு ஆறு மாதம் ஆகும். அதில் பெயின்ட் அடிப்பது கடைசிச் சில நாட்கள் மட்டுமே.

இங்கே சொல்வதெல்லாம் தரையில் நிற்கப்போகும் விமானத்துக்கு. பறக்கவைக்கும் மீட்புவேலை வேறு உலகம்: ஒவ்வொரு ரிவெட்டுக்கும் ஆவணம் வேண்டும், சுக்கானில் பூசும் பெயின்ட்டின் எடையைக்கூட நிறுத்துப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் புதுப்பிக்கப்பட்டு 2018-ல் பறந்தே இந்தியா வந்த 'பரசுராமா' என்ற பழைய டகோட்டா போக்குவரத்து விமானம் அப்படிப்பட்ட உழைப்பு.

கடிதமும் ஆபத்துகளும்

முதலில் பீரோவைத் திறந்து, விமானம் வந்தபோது விமானப்படை கொடுத்த கடிதத்தைத் தேடி எடுங்கள். யாருக்கு உரிமை, எதை மாற்றலாம், எதற்கு அனுமதி கேட்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். கல்லூரியின் நிறத்தை வால் மீது பூசலாமா என்ற விவாதத்துக்கும் பெரும்பாலும் அந்தக் கடிதமே பதில்.

அடுத்து உயிர் சம்பந்தப்பட்டது. போர் விமானத்தில் விமானியை வெளியே தூக்கி எறியும் இருக்கைக்கு வெடித்தோட்டா உண்டு. காக்பிட் மூடியை வீசியெறியவும், இறக்கைக்குக் கீழே சுமையைக் கழற்றிவிடவும் தனித்தனித் தோட்டாக்கள் உண்டு. இவை எல்லாம் எடுக்கப்பட்டுவிட்டதாக எழுத்தில் உறுதி இல்லாதவரை காக்பிட்டில் ஒருவரும் ஏறக்கூடாது. 'எடுத்திருப்பார்கள்' என்ற நம்பிக்கையை வைத்துக்கொண்டு மாணவர்களை ஏற்றாதீர்கள். விமானப்படைக்கு எழுதினால் பார்த்துச் சொல்ல ஆள் வருவார்கள்.

பழைய அளவுமானிகளின் முள்ளிலும் எண்களிலும் ரேடியம் பூச்சு இருக்கலாம். இருட்டில் ஒளிரவில்லை என்றால் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. ஒளிரும் பொருள்தான் செத்திருக்கும். ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டு. கண்ணாடி உடைந்த அளவுமானியைத் தொடாதீர்கள், திறந்து பார்க்காதீர்கள். கதிரியக்க அளவி உள்ள இயற்பியல் துறையையோ மருத்துவக் கல்லூரியையோ கூப்பிட்டு ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று எடை. என்ஜினோ ரேடாரோ கழற்றப்பட்ட விமானத்தின் எடைமையம் பழைய இடத்தில் இருக்காது. வால் பக்கம் மூன்று பேர் ஏறினால் மூக்கு தூக்கிக்கொள்ளும். சாரம் தனியாகத் தரையில் நிற்கட்டும், விமானத்தின் மேல் சாயவே கூடாது.

சுரண்டுவதற்கு முன் வாசியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

நான் முதன்முதலில் சேர்ந்த குழு, காக்பிட்டுக்குக் கீழே இடப்பக்கம் ஒரு சதுர மீட்டரை ஒரே மதியத்தில் சுத்தமாகத் தேய்த்தது. மேலே இருந்தது பளபளப்பு எனாமல், அதன் கீழே சாம்பல், அதன் கீழே ஏதோ மஞ்சளும் கறுப்பும். அந்த மஞ்சளும் கறுப்பும் என்னவென்று யாரும் நின்று பார்க்கவில்லை. மூன்று வாரம் கழித்து அதே விமானத்தின் பழைய புகைப்படம் ஒன்று கிடைத்தது. அந்த இடத்தில் ஒரு படைப்பிரிவின் சின்னம் இருந்திருக்கிறது. அதை வரைந்தவரின் கையெழுத்து போன்ற அந்தக் கோடுகள் உப்புத்தாளோடு போய்விட்டன. இன்றும் அது எனக்கு ஆறவில்லை.

ஒரு விமானத்தின் பெயின்ட் அதன் சேவைப் புத்தகம். மிக்-21-க்கு இது மிகவும் பொருந்தும். டைப் 77 என்று படையில் அழைக்கப்பட்ட மிக்-21 எஃப்.எல். வந்தபோது பூச்சே இல்லாத வெள்ளி உடம்பு, மூக்குக் கூம்பு மட்டும் பச்சை. 1971 போர் நெருங்கியபோது பலவற்றின் மேல் அவசர அவசரமாக உருமறைப்பு வர்ணம் ஏறியது. படைப்பிரிவுக்குப் படைப்பிரிவு நிறமும் வடிவமும் மாறின. அன்றைய கிழக்கு பாகிஸ்தானின் டாக்கா ஆளுநர் மாளிகையை 1971 டிசம்பர் 14 அன்று ராக்கெட்டுகளால் தாக்கியவற்றில் மிக்-21-களும் உண்டு. பின்னால் வந்த டைப் 96, டைப் 75 வகைகளுக்கு வேறு வேறு நிறங்கள். ஒரே விமானம் தன் வாழ்நாளில் நான்கைந்து தோல்களை அணிந்திருக்கக்கூடும். எல்லாம் ஒன்றின் கீழ் ஒன்றாக இன்னும் அங்கேயே இருக்கின்றன.

அவற்றை வாசிக்க எளிய வழி உண்டு. 400-ம் நம்பர் தண்ணி பேப்பரை (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) நனைத்து, ரூபாய் நாணயம் அளவு இடத்தில் வட்டமாகத் தேயுங்கள். நடுவில் அலுமினியம் தெரியும்வரை மெதுவாகப் போனால், மரத்தின் வளையம் போல் ஒவ்வொரு அடுக்கும் வளையமாக விரியும். தண்ணீர் தெளித்து, நிற அட்டை ஒன்றைப் பக்கத்தில் வைத்து, நிழலில் படம் எடுங்கள். மூக்கு, முதுகு, இறக்கையின் மேல், கீழ், வால், சக்கரக் கதவின் உட்புறம் என இருபது இடங்களிலாவது இதைச் செய்யுங்கள். சக்கரக் கதவின் உட்புறமும் பலகைகளின் விளிம்பு மடிப்பும் தங்கச் சுரங்கம். வெயில் படாததால் நிறம் வெளுக்காமல் இருக்கும். நிறம் பொருத்த வேண்டியது அங்கிருந்துதான். கைபேசிப் படத்தைக் காட்டி நிறம் கலக்கச் சொல்வதும் இணையத்தில் பார்த்த படத்தை நம்புவதும் வேண்டாம்.

விமானப்படையின் மூவண்ண வட்டக்குறியும் எண்களும் இருந்த இடங்களை விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். மேலே எத்தனை கோட்டிங் ஏறியிருந்தாலும் பழைய எழுத்தின் விளிம்பு மெல்லிய மேடாகத் தெரியும். வெளிப்படையான பிளாஸ்டிக் தாளை ஒட்டி, மார்க்கரால் அதன் மேல் வரைந்து எடுத்துவிடுங்கள். அளவு, இடம், எழுத்தின் சாய்வு எல்லாம் கையில் வந்துவிடும். 'இங்கே மிதிக்காதே' போன்ற சின்னஞ்சிறு எச்சரிக்கை எழுத்துகளையும் விடாதீர்கள். தகடுகளில் ரஷ்ய எழுத்து இருந்தால் அதையும் படமெடுங்கள். தகடுகளைக் கழற்றவோ மெருகேற்றவோ வேண்டாம்.

இதெல்லாம் கையில் வந்த பிறகுதான் எந்த வருடத்து விமானமாக நிறுத்தப்போகிறோம் என்று முடிவு செய்ய முடியும். 1971-ன் தோற்றம்தான் வேண்டும் என்றால் கார் போல மினுக்கினால் பொய்யாகிவிடும். அன்று பூசியது மங்கலான, சீரற்ற பூச்சு. வெள்ளி உடம்பு வேண்டும் என்றால், கடற்கரை ஊர்களில் வெற்று அலுமினியம் தாங்காது. வெள்ளி நிற இரட்டைக்கலவை பெயின்ட் (பெயின்ட்டும் ஹார்டனரும் கலந்து பூசுவது) அடிப்பதே நல்லது.

புகழ்பெற்ற வேறொரு விமானத்தின் எண்ணை உங்கள் விமானத்தில் எழுதும் ஆசை வரும். பரசுராமா சுமக்கும் விபி 905 என்ற எண், 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் வீரர்களை இறக்கிய டகோட்டாவின் நினைவாகச் சூட்டப்பட்டது. அதை ஊருக்கே சொல்லித்தான் சூட்டினார்கள். நீங்களும் அப்படிச் செய்தால் பலகையில் எழுதி வையுங்கள். என்னைக் கேட்டால், அதன் சொந்த எண்ணே போதும். பெயர் பெறாத விமானமும் யாரோ ஒருவரைச் சுமந்து பறந்ததுதான்.

தண்ணீர் எங்கே தங்குகிறது

கழுவுவது என்றால் மென்மையான சோப்புத் தண்ணீர், நைலான் பிரஷ், தோட்டக்குழாய். அழுத்த வாஷர் வேண்டாம். அது மூட்டுகளுக்குள் தண்ணீரை ஏற்றிவிடும். காஸ்டிக் சோடா கலந்த எந்தக் கரைசலும் அலுமினியத்தைத் தின்றுவிடும், பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். பறவை எச்சத்தை ஊறவைத்து எடுங்கள், காய்ந்ததைச் சுரண்டினால் தூள் மூக்கில் ஏறும்.

கழுவும்போதே ஒருவர் கீழே படுத்துப் பார்க்க வேண்டும். அடியில் வடிகால் துளைகள் இருக்கும். முந்தைய பெயின்டர் பட்டி வைத்து அடைத்திருப்பார். ஒவ்வொன்றையும் மரக்குச்சியால் குத்தித் திறங்கள். நான் பார்த்த ஒரு விமானத்தில் ஒரு துளையைத் திறந்ததும் இரண்டு வாளி கறுப்புத் தண்ணீர் கொட்டியது. எத்தனை மழைக்காலத்துத் தண்ணீரோ. வெளியே எவ்வளவு அழகாகப் பெயின்ட் அடித்தாலும், உள்ளே தேங்கும் தண்ணீர் உள்ளிருந்து தகட்டைத் தின்னும்.

அலுமினியம் இரும்பைப்போலச் செந்துரு பிடிக்காது. வெள்ளையாகப் பூக்கும். பெயின்ட் கொப்புளம் போட்டிருந்தால் கீழே வெள்ளைத் தூள் இருக்கிறது என்று பொருள். அதிகம் பார்க்க வேண்டியது எஃகுத் திருகுகளைச் சுற்றி. இரண்டு உலோகம் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் தன்னைக் கொடுக்கும். தகட்டின் விளிம்பு புத்தகத் தாள் போல ஏடு ஏடாகப் பிரிந்திருந்தால் நோய் முற்றிவிட்டது. அங்கே பட்டி வைத்து மூடாதீர்கள். வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்க வேண்டும்.

இதற்குக் கரூர் பஸ் பாடிப் பட்டறைகளில் பழகிய கை பெரிய உதவி. அலுமினியத் தகடு, ரிவெட், பெயின்ட் மூன்றும் அறிந்தவர்கள் அங்கே கிடைப்பார்கள். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: பாப் ரிவெட் அடித்தால் உடலும் உள் கம்பியும் இரண்டும் அலுமினியமாக இருக்கட்டும். சாதாரணமாகக் கிடைப்பதில் உள்ளே எஃகுக் கம்பி இருக்கும். அது துருப்பிடித்து இரண்டு மழைக்காலத்துக்குள் பெயின்ட் மேல் பழுப்புக் கண்ணீராக வடியும்.

பழைய பெயின்ட்டை எடுப்பது

நன்றாகப் பிடித்திருக்கும் அடுக்கை எடுக்க வேண்டியதில்லை. தளர்ந்ததையும் கொப்புளித்ததையும் மட்டும் எடுத்து, மற்றதைச் சொரசொரப்பாக்கி அதன் மேலேயே பூசலாம். அடியில் இருக்கும் வரலாறு அடுத்த தலைமுறைக்கு அப்படியே இருக்கும். முழுவதும் உரிப்பதை நான் கடைசி வழியாகவே வைப்பேன்.

அடியில் உள்ள பச்சை அல்லது மஞ்சள் பிரைமரில் குரோமேட் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தூள் புற்றுநோய் தரும். அதனால் உலர்ந்து தேய்க்கவே கூடாது. தண்ணீர் விட்டுத் தேய்த்து, நுண்தூள் முகமூடி, கையுறை, முழுக்கை உடை அணிந்து, கீழே தார்ப்பாய் விரித்துக் கசடைச் சேகரியுங்கள். அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விடாதீர்கள். குரோமியக் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்யும் என்பதை ராணிப்பேட்டை மக்களைக் கேட்டால் தெரியும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அங்கீகரித்த ஆபத்துக் கழிவு நிறுவனத்திடம் பீப்பாயில் ஒப்படையுங்கள்.

இரும்புக் கம்பி பிரஷ், ஸ்டீல் வுல் இரண்டும் தடை. அவற்றின் துணுக்கு அலுமினியத்துக்குள் பதிந்து, ஒவ்வொன்றும் ஓர் அரிப்புப் புள்ளியாகும். பிளாஸ்டிக் சுரண்டி, நைலான் தேய்ப்பான், தண்ணி பேப்பர் போதும். மணல் பீய்ச்சினால் மெல்லிய தகடு நெளிந்துவிடும். பெயின்ட் ரிமூவர் திரவம் பயன்படுத்தினால் காக்பிட் மூடியை முதலிலேயே அலுமினிய டேப்பும் பிளாஸ்டிக்கும் போட்டு மூடுங்கள். ஒரு துளி பட்டாலும் அக்ரிலிக் வலைபோல வெடிக்கும். மூக்குக் கூம்பு உலோகம் இல்லை, ரிமூவர் அதன் பிசினையே கரைத்துவிடும். அங்கே கையால் மட்டும் தேயுங்கள். சக்கர நடுப்பகுதி போன்ற வார்ப்புகள் மக்னீசியக் கலவையாக இருக்கலாம். கிரைண்டர் பொறி பட்டால் அதன் தூள் தீப்பிடிக்கும். தண்ணீர் ஊற்றினால் தீ கூடும், உலர் மணல் வாளி ஒன்றை அருகில் வையுங்கள்.

பிரைமரும் மேல்பூச்சும்

சுத்தம் போதுமா என்பதைக் கண்ணால் முடிவு செய்யாதீர்கள். சுத்தமான தண்ணீரைத் தகட்டின் மேல் தெளியுங்கள். விரிந்து படலமாக நின்றால் எண்ணெய் இல்லை. தாமரை இலைத் தண்ணீர்போல முத்து முத்தாக உருண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. மறுபடி துடையுங்கள். துடைப்பதற்கு இரண்டு பனியன் வேஸ்ட்: ஒன்றில் கரைப்பான், மற்றது உலர்ந்தது. ஈரம் காயுமுன் உலர்ந்ததால் எடுக்க வேண்டும். காயவிட்டால் அழுக்கு அதே இடத்தில் திரும்பப் படியும். தேய்த்து முடித்த அன்றே பிரைமர் ஏற வேண்டும்.

பிரைமர் இரட்டைக்கலவை எபாக்சி. மேல்பூச்சு இரட்டைக்கலவை பாலியூரித்தேன். சாதா எனாமல் வெயிலில் மூன்று வருடம் தாண்டாது. இரண்டையும் ஒரே கம்பெனியில் வாங்கி, அதன் தாளில் போட்டிருக்கும் கலவை விகிதத்தையும் இடைவெளி நேரத்தையும் அப்படியே பின்பற்றுங்கள். அளவுக்கு ஒரு தோராயக் கணக்கு: உலர்ந்தபின் 50 மைக்ரான் கனம் வேண்டும், பெயின்ட்டில் பாதி திடப்பொருள் என்றால், லிட்டருக்கு 10 சதுர மீட்டர். காற்றில் போவதற்குப் பாதி சேர்த்துக்கொண்டால், 100 சதுர மீட்டருக்கு ஒரு பூச்சுக்கு 15 லிட்டர்.

பாலியூரித்தேன் ஹார்டனரில் ஐசோசயனேட் உண்டு. ஸ்பிரே அடிக்கும்போது அதை மூச்சில் இழுத்தால் வாழ்நாள் ஆஸ்துமா வரலாம். கரி வடிகட்டி முகமூடியை இதற்கு நம்பக்கூடாது. வெளியிலிருந்து குழாயில் காற்று வரும் முகமூடி வேண்டும். ஸ்பிரே வேலையை அந்த வசதி உள்ள தொழில்முறைப் பெயின்டரிடம் கொடுங்கள். மாணவர்கள் மாஸ்கிங் ஒட்டட்டும், அதுவே பெரிய வேலை.

சென்னை, நாகை போன்ற கடலோர ஊர்களில் ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை நல்ல காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெயின்ட் டப்பாவைத் திறக்க வேண்டாம். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே, தகட்டின் வெப்பம் பனிப்புள்ளியைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரியாவது மேலே இருக்க வேண்டும். விடியற்காலையில் பனி கோத்திருக்கும், உச்சி வெயிலில் தகடு கொதிக்கும். கொதிக்கும் தகட்டில் அடித்தால் பெயின்ட் வழியிலேயே காய்ந்து மணல்போல ஒட்டும். பந்தல் போட்டு, காலை எட்டிலிருந்து பத்தரைவரை அடிப்பது எனக்குச் சரியாக வந்திருக்கிறது. சக்கரக் குழிகளும் அடிப்பக்கமும் முதலில், பிறகு வால், முதுகு, கடைசியாக இறக்கை. வெளிர்நிறம் முன்னால், அடர்நிறம் பின்னால்.

வட்டக்குறி

நீங்கள் பிளாஸ்டிக் தாளில் எடுத்த வரைபடம் இப்போது வேலைக்கு வரும். விமானப்படை வட்டத்தில் காவி வெளியே, நடுவில் வெள்ளை, உள்ளே பச்சை. மிக் காலத்து வட்டத்தில் அசோகச் சக்கரம் கிடையாது, தேசியக் கொடியை நினைத்துக்கொண்டு பலர் வரைந்துவிடுகிறார்கள். வாலில் உள்ள பட்டையை நினைவிலிருந்து வரையாதீர்கள், இருபுறத்துப் படத்தையும் பார்த்து வரையுங்கள். வினைல் ஸ்டிக்கர் வெயிலில் சுருங்கி ஓரம் தூக்கும். வினைலை அச்சாக வெட்டி ஒட்டி, அதன் வழியே பெயின்ட் அடித்து உரித்துவிடுவது நல்லது. மாஸ்கிங் டேப்பை ஒருநாள் வெயிலுக்கு மேல் விட்டால் பசை தங்கிவிடும்.

மூடி வைப்பது

டயர்கள் எடையைச் சுமக்க வேண்டாம். இரும்புத் தாங்கிகளைச் சரியான தூக்குப் புள்ளிகளில் வைத்து, மேடையோடு போல்ட் போட்டுக் கட்டுங்கள். என்ஜின் இல்லாத விமானம் புயலில் எவ்வளவு லேசு என்பதை மறக்கக்கூடாது. காற்று உள்வாயையும் பின்குழாயையும் வலையால் மூடுங்கள், பலகையால் அடைத்தால் உள்ளே வியர்க்கும். மூக்கின் முன்னே நீளும் குழாயில் சிவப்பு உறை ஒன்று மாட்டுங்கள், குழாயும் தப்பும், பார்க்க வருபவர் கண்ணும் தப்பும். காக்பிட் மூடியைச் சோப்புத் தண்ணீரும் பருத்தித் துணியும் கொண்டு மட்டும் துடையுங்கள். பெட்ரோல், தின்னர், கடையில் விற்கும் கண்ணாடி கிளீனர் எதுவும் படக்கூடாது.

நீங்கள் தேய்த்துப் பார்த்த வளையங்களில் ஒன்றை, யார் கையும் எட்டாத சக்கரக் கதவின் உட்புறத்தில், நிறமற்ற வார்னிஷ் மட்டும் பூசி அப்படியே விட்டுவிடுங்கள். பயன்படுத்திய பெயின்ட்டின் பெயர், நிற எண், தேதி, படங்கள் எல்லாம் அடங்கிய கோப்பின் ஒரு பிரதி நூலகத்தில், ஒரு பிரதி அலுவலகத்தில். ஜனவரியில் ஒரு கழுவல், ஜூனில் ஒரு கழுவல். செப்டம்பர் கடைசியில், மழைக்கு முன், மரக்குச்சியோடு ஒருவர் அடியில் படுத்து வடிகால் துளைகளை ஒவ்வொன்றாகக் குத்திப் பார்க்க வேண்டும்.